தகட்டில் எருதும் யானையும்: பட்டறைக்கு வருபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காட்பாடிப் பக்கம் ஒரு சின்ன ஷெட்டில் இரும்பு, செம்பு, அலுமினியத் தகடுகளைத் தட்டி விலங்கு உருவங்கள் செய்கிறேன். அதற்கு முன் இருபது வருடம் பஸ், லாரிகளுக்கு டிங்கர் வேலை. வேடிக்கை பார்க்க வருகிறவர்களும் கற்றுக்கொள்ள வருகிறவர்களும் கேட்பதைக் கீழே எழுதியிருக்கிறேன். கேட்க வேண்டியதைக் கேட்காமல் போனவர்களுக்காகவும் சில பதில்கள் உண்டு.

இது வார்ப்பு வேலையா? அச்சு வைத்திருக்கிறீர்களா?

இல்லை. வார்ப்பில் உலோகத்தை உருக்கி அச்சில் ஊற்றுவார்கள். இங்கே உடம்பு முழுக்கத் தட்டியே வருகிறது. இணைக்கிற இடத்தில் மட்டும்தான் உருக்குவோம். உள்ளே வெற்றிடம். அதனால்தான் ஓர் அடி உயர எருதை ஒரு கையால் தூக்க முடிகிறது.

இது ஒன்றும் புதிய வேலை இல்லை. கோவிலில் மர வாகனத்தின் மேல் போர்த்தியிருக்கும் பித்தளை, வெள்ளித் தகடுகளும், சாமிக்குச் சாத்தும் கவசமும் இதே குடும்பம்தான். 2007-ல் குடமுழுக்கு நடந்த ஸ்ரீபுரம் பொற்கோவிலில் நீங்கள் பார்க்கிற பூவேலை எல்லாம் செம்புத் தகட்டில் புடைத்து எடுத்தது. தங்கம் அதன் மேல் ஒட்டிய ரேக்கு. அங்கே போகிறவர்கள் தங்கத்தைப் பார்க்கிறார்கள். எனக்கு அடியில் இருக்கிற செம்பு மேல்தான் கண்.

தட்டையான தகடு எப்படி உருண்டையாகிறது?

இதைத்தான் முதலில் புரிந்துகொள்ள வேண்டும். மற்றதெல்லாம் கைப்பழக்கம்.

சுத்தியல் அடி தகட்டில் இரண்டே வேலைகள்தான் செய்யும். ஒன்று, அந்த இடத்தை நீட்டும். இல்லையென்றால் அந்த இடத்தைச் சுருக்கும். நடுவில் அடித்து நடுவை நீட்டினால் விளிம்பு அப்படியே இருக்க, நடுப்பகுதிக்கு இடம் போதாமல் கீழே தொங்கும், கிண்ணம் கிடைக்கும். விளிம்பை மட்டும் அடித்து நீட்டினால் விளிம்புக்கு இடம் போதாது. எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி ஒரு பக்கம் மேலே, ஒரு பக்கம் கீழே நெளியும். குதிரைச் சேணம் போன்ற வளைவு கிடைக்கும்.

ஒரு மாட்டை நிறுத்தி வைத்துப் பாருங்கள். வயிறு, திமில், தொடை, கன்னம் எல்லாம் கிண்ணம். திமிலுக்கும் முதுகுக்கும் நடுவே இறங்குகிற இடம், கழுத்து மார்போடு சேருகிற இடம், தொடை வயிற்றோடு சேருகிற மடிப்பு இவையெல்லாம் சேணம். விலங்கு உடம்பில் மூன்றாவது வகை என்று எதுவும் கிடையாது. தகட்டை எடுக்கும் முன்பே சாக்பீஸால் அதன் மேல் 'கி', 'சே' என்று குறித்துக்கொள்ளச் சொல்வேன். பையன்கள் சிரிப்பார்கள். ஒரு வாரம் கழித்து அவர்களே குறிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

சுருக்குவது நீட்டுவதைவிடக் கஷ்டம். விளிம்பில் புடவைக் கொசுவம் மாதிரி ஒரு மடிப்பு எடுக்க வேண்டும். மூக்கு நீண்ட இடுக்கியால் தகட்டைப் பிடித்து முறுக்கினால் மடிப்பு எழும். பிறகு மடிப்பின் வெளிப்பக்கம், அதாவது திறந்த வாயை, முதலில் அடித்து மூடிவிட்டு உள்நோக்கி அடித்துக்கொண்டே போக வேண்டும். மடிப்பு தப்பித்து ஓட வழியில்லாமல் தனக்குள்ளேயே அடங்கும். அந்த இடம் தடிக்கும், விளிம்பு குறுகும். மடிப்பை உள்ளிருந்து வெளியே அடித்தால் கொசுவம் அவிழ்ந்து பழைய தகடு திரும்பக் கிடைக்கும். அடித்த அடியெல்லாம் வீண்.

எங்கள் மேஸ்திரி லாரி மட்கார்டு தட்டும்போது ஒரு கேள்விதான் கேட்பார்: "இப்ப அடிச்ச அடி எதுக்குடா?" நீட்டவா சுருக்கவா என்று பதில் வரவில்லை என்றால் சுத்தியலை வாங்கி வைத்துவிடுவார்.

எந்தத் தகடு வாங்குவது?

பழகுவதற்கு 22 கேஜ் சிஆர் ஷீட், அதாவது சூடாக்காமல் உருட்டி மெலிதாக்கிய, பூச்சில்லாத இரும்புத் தகடு. கேஜ் எண் ஏற ஏறத் தகடு மெலியும். 18 கேஜ் சுமார் 1.2 மில்லிமீட்டர், 20 கேஜ் 0.9, 22 கேஜ் 0.7. எட்டுக்கு நாலு அடி முழு ஷீட் 20 கேஜில் ஏறக்குறைய 21 கிலோ வரும். அவ்வளவு வேண்டாம், வெட்டிக் கழித்த துண்டுகளை எடைக்குக் கேளுங்கள். ராணிப்பேட்டை சிப்காட் பக்கத்துப் பழைய இரும்புக் கடைகளில் நல்ல துண்டுகள் கிடைக்கும். வடஆற்காடு 1989-ல் இரண்டாகவும் வேலூர் 2019-ல் மூன்றாகவும் பிரிந்துவிட்டது. காயலான் கடைகளுக்கு அதெல்லாம் தெரியாது. ஆம்பூர் சரக்கு காட்பாடிக்கு வரும், காட்பாடி சரக்கு ஆற்காட்டுக்குப் போகும்.

கை பழகியதும் செம்பு. செம்பு மாதிரி சொன்ன பேச்சைக் கேட்கிற உலோகம் வேறில்லை, விலைதான் இடிக்கும். அலுமினியம் மலிவு, மெது, ஆனால் கீறல் சுலபமாக விழும். பித்தளை கோபக்காரன், சீக்கிரம் இறுகும், சீக்கிரம் வெடிக்கும்.

பெரிய உருவம் என்றால் தடித்த தகடு வேண்டும் என்று நினைக்கிறார்கள். அமெரிக்காவில் 1886-ல் திறந்த சுதந்திர தேவி சிலையின் தோல் முழுக்கத் தட்டி எடுத்த செம்புத் தகடுதான். தடிமன் இரண்டரை மில்லிமீட்டர்கூட இல்லை. நிற்க வைப்பது உள்ளே இருக்கிற இரும்புச் சட்டம். நீங்கள் ஆறடி யானை செய்தாலும் அதே கணக்குதான்: தோல் மெலிசு, எலும்பு தனி.

தகடு ஏன் திடீரென்று கல் மாதிரி ஆகிவிடுகிறது?

அடி வாங்க வாங்க உலோகம் உள்ளுக்குள் இறுகும். சுத்தியல் துள்ள ஆரம்பிக்கும், ஓசை 'டொப்' என்பதிலிருந்து 'டிங்' என்று மாறும். அந்த ஓசை கேட்டதும் நிறுத்த வேண்டும். நிறுத்தாமல் அடித்துத்தான் என் முதல் எருதின் நெற்றி நடுவில் விரிசல் விட்டது. நாலு நாள் உழைப்பு. இன்னும் ஷெட் சுவரில் மாட்டி வைத்திருக்கிறேன்.

இறுகிய தகட்டைச் சூடாக்கி இளக்க வேண்டும். செம்பை நிழலில் வைத்து மங்கிய சிவப்பு வரும்வரை சூடாக்கித் தண்ணீரில் முக்கலாம்; இளகிவிடும். இரும்பு அப்படியில்லை. சிவக்கச் சூடாக்கி அடுப்புச் சாம்பலுக்குள் புதைத்து, மெல்ல ஆறவிட வேண்டும். பித்தளைக்குச் சிவப்பு போன பிறகுதான் தண்ணீர், அவசரப்பட்டால் வெடிப்பு.

அலுமினியம்தான் ஆளைக் கவிழ்க்கும். அது 660 டிகிரியில் உருகும். அதுவரை பகல் வெளிச்சத்தில் நிறமே மாறாது. பார்த்துக்கொண்டே இருப்பீர்கள், சட்டென்று ஓட்டை விழும். இரண்டு வழிகள் உண்டு. துணி சோப்பைத் தகட்டில் தேய்த்து அடியிலிருந்து சூடாக்குங்கள்; சோப்பு காப்பித்தூள் நிறத்தைத் தாண்டிக் கறுக்கும்போது போதும். அல்லது தீக்குச்சியைத் திருப்பி, மருந்தில்லாத மர முனையால் சூடான தகட்டில் ஒரு கோடு இழுங்கள். பழுப்புக் கோடு விழுந்தால் பதம் வந்துவிட்டது. குடியாத்தத்தில் தீப்பெட்டிக்கா பஞ்சம்.

கருவிகளைக் கடையில் வாங்க முடியாதா? ஏன் எல்லாம் கையால் செய்தவை?

சுத்தியலும் தகரம் வெட்டும் கத்திரியும் அரமும் வாங்கியவை. மற்றவற்றை விற்கிறார்கள்தான், ஆனால் அவை யாரோ ஒருவர் நினைத்த வளைவுக்குச் செய்தவை. என் எருதின் கண் குழிக்கு என்ன வளைவு வேண்டும் என்று கடைக்காரருக்கு எப்படித் தெரியும்? உருவம் கேட்கும்போது கருவி செய்வது என்று வைத்துக்கொண்டேன். பன்னிரண்டு வருடத்தில் இரண்டு சாக்குக் கருவிகள் சேர்ந்திருக்கின்றன. பாதியின் பிறப்புக் கதை எனக்கே மறந்துவிட்டது.

ஆரம்பிக்க நாலு போதும்.

முதலாவது கட்டை. கறிக்கடையில் போட்டிருப்பார்களே, அந்தப் புளியமரக் கட்டை மாதிரி முழங்கால் உயரத்தில் ஒன்று. வெட்டு முகம் மேலே இருக்க வேண்டும். அதில் மூன்று குழிகள்: உள்ளங்கை அகலத்தில் ஒன்று, எலுமிச்சம்பழ அளவில் ஒன்று, நடுவாந்தரமாக ஒன்று. உளியால் குடையச் சோம்பலாக இருந்தால் நெருப்புத் துண்டை வைத்து ஊதிக் கருக்கிச் சுரண்டலாம். குழி வழவழப்பாகவே வரும்.

இரண்டாவது மணல் பை. இதற்கு நம் ஊரைப் போல வசதியான இடம் கிடையாது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று சுற்றிலும் தோல். தடித்த கழிவுத் தோலில் ஓர் அடி அகல வட்டம் இரண்டு வெட்டி, செருப்புத் தைக்கிறவரிடம் கொடுத்தால் இரட்டைத் தையல் போட்டுத் தருவார். வீடு கட்டி மிஞ்சிய மணலைச் சலித்து, வெயிலில் நன்றாகக் காயவைத்து நிரப்புங்கள். ஈர மணல் போட்டால் தோல் நாறும், தகட்டில் துரு ஏறும். பை திம்மென்று இருக்க வேண்டும், ஆனால் முழங்கையால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும்.

மூன்றாவது கொட்டாப்புளி. தச்சர்கள் வைத்திருப்பதைவிடத் தலை உருண்டையாக, பேரிக்காய் வடிவத்தில். புளி அல்லது கொய்யா மரம். மரம் அடித்தால் தகடு வளையும், ஆனால் தழும்பு விழாது. அதனால் முதல் கட்ட வேலை முழுவதும் மரத்தில்தான்.

நான்காவது முட்டுகள், அதாவது தகட்டுக்கு அடியில் கொடுக்கிற இரும்புகள். தேய்ந்த கடப்பாரையில் ஒரு முழம் வெட்டி வைஸில் குறுக்காகக் கடித்தால் கழுத்து, கால், தும்பிக்கை எல்லாம் அதன் மேல் சுற்றலாம். பழைய லாரி எஞ்சின் வால்வின் காளான் தலையைத் தேய்த்துப் பளபளப்பாக்கினால் கன்னத்துக்கும் முட்டிக்கும் அருமையான முட்டு. பெரிய பேரிங் குண்டைக் கம்பி முனையில் பற்றவைத்தும் செய்யலாம். ஆனால் பேரிங் எஃகில் கரி அதிகம். முன்கூட்டிச் சூடாக்காமல் வெல்டு வைத்தால் பற்று விண்டுபோய்க் குண்டு ஓடிவிடும். பித்தளைக் கம்பியும் வெங்காரமும் (போராக்ஸ்) போட்டு கேஸில் ஒட்டுவது நல்லது.

கண், மூக்கு, தோல் சுருக்கம் போன்ற நுணுக்கத்துக்குச் செம்பிலும் அலுமினியத்திலும் ஆறு அங்குல ஆணியே போதும். முனையைத் தேவையான வடிவில் அராவி, கூர்மையை மழுக்கி, எமரித் தாளில் கண்ணாடி மாதிரி தேய்த்துவிடுங்கள். இதில் மட்டும் சோம்பல் கூடாது. ஆணி முனையில் ஒரு கீறல் இருந்தால், அடிக்கிற ஒவ்வொரு அடியிலும் அந்தக் கீறல் எருதின் முகத்தில் அச்சாகும்.

அந்தக் கறுப்பு மெழுகு மாதிரி இருப்பது என்ன?

அரக்கு என்போம். குங்கிலியம், செங்கல் தூள், கொஞ்சம் எண்ணெய் சேர்த்துக் காய்ச்சியது. இளகிய அரக்கின் மேல் தகட்டை அமர்த்தி ஆறவிட்டால் அது தகட்டை எல்லாப் பக்கமும் தாங்கும். ஆணி உளியால் அடித்தால் அடித்த இடம் மட்டும் இறங்கும், பக்கத்து இடம் அசையாது. முன்பக்கம் ஒருமுறை, கழற்றிப் பின்பக்கம் ஒருமுறை என்று மாறி மாறி வேலை நடக்கும்.

நூலில் படித்த அளவு நம் ஊரில் செல்லாது. வேலூர்க் கத்திரி வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் அரக்கு கேசரி பதத்துக்கு வந்துவிடும்; தகடு மிதக்கும். சித்திரை, வைகாசியில் எண்ணெயை ஏறக்குறைய விட்டுவிட்டுச் செங்கல் தூளைக் கூட்டுவேன். மார்கழியில் அதே அரக்கு கண்ணாடி மாதிரி நொறுங்கும். அப்போது எண்ணெய் கூட. நகத்தால் அழுத்தினால் தடம் விழ வேண்டும், நகம் புதையக் கூடாது. அதுதான் அளவு. காய்ச்சும்போது புகையைச் சுவாசிக்காதீர்கள். கொதிக்கவும் விடாதீர்கள், தீப்பிடிக்கும்.

ஓர் எருதை முதலிலிருந்து கடைசிவரை எப்படிச் செய்கிறீர்கள்?

முதலில் களிமண்ணில் அதே அளவு எருது. அழகாக இருக்க வேண்டாம், அளவு சரியாக இருந்தால் போதும். அதன் மேல் சார்ட் பேப்பரைத் துண்டு துண்டாக ஒட்டிப் பார்ப்பேன். காகிதம் எங்கே மடிகிறதோ அங்கே தகட்டைச் சுருக்க வேண்டும். எங்கே கிழிகிறதோ அங்கே நீட்ட வேண்டும். காகிதமே கணக்கைச் சொல்லிவிடுகிறது.

ஓர் அடி எருதுக்கு நான் பதினைந்து, பதினாறு துண்டுகள் வெட்டுகிறேன். உடம்பு இடது ஒன்று, வலது ஒன்று. திமில் தனி, உடம்போடு சேர்த்து இழுத்தால் அந்த உயரத்துக்கு உச்சி காகிதம் போல் மெலிந்துவிடும். முகத்தின் நெற்றியிலிருந்து மூக்குவரை ஒன்று, கன்னங்கள் இரண்டு. அலைதாடி, அதாவது கழுத்துக்குக் கீழே தொங்குகிற தோல், ஒரே பட்டை. கால்களும் காதுகளும் கொம்புகளும் தனித்தனி. வால், முறுக்கிய கம்பி.

அலைதாடி எனக்குப் பிடித்த வேலை. நீளப் பட்டையின் கீழ் விளிம்பை மட்டும் கடப்பாரை முட்டின் மேல் வைத்து மெல்ல நீட்டிக்கொண்டே போனால் அது தானாக அலையடிக்கும். நாம் வளைக்கவே வேண்டாம். யானைக் காதும் இப்படித்தான்.

கொம்புக்குத் தகட்டைக் கூம்பாகச் சுருட்டி ஓரத்தைப் பற்றவைத்து, உள்ளே மணல் நிரப்பிச் சூடாக்கி வளைக்க வேண்டும்; வெறும் கூம்பை வளைத்தால் நசுங்கும். மணலைச் சட்டியில் வறுத்த பிறகுதான் போட வேண்டும். ஈரம் இருந்தால் ஆவி அடைத்துக்கொண்டு வெடித்துக் கிளம்பும்.

எல்லாம் சேர்ந்த பிறகு, தலை பளபளவென்று தேய்த்த லேசான சுத்தியலால் உடம்பு முழுவதும் பக்கத்தில் பக்கத்தில் தட்டி மேடு பள்ளத்தைச் சமன் செய்வேன். பொறுமை உள்ளவர்களுக்கு இது தியானம், மற்றவர்களுக்கு தண்டனை. நான் ரேடியோ போட்டுக்கொள்வேன்.

இணைப்பது வெல்டிங்கிலா?

இரும்பு என்றால் கேஸ் வெல்டிங். செம்பு, பித்தளைக்கு வெங்காரம் போட்டு ஒட்டு. சாதாரண ஆர்க் வெல்டிங் 22 கேஜைத் தின்றுவிடும். வெல்டிங்கே வேண்டாம் என்றால் விளிம்பு மேல் விளிம்பு ஏற்றிச் சின்ன ரிவிட்டுகள் அடியுங்கள். ஆமை, எறும்புத்தின்னி மாதிரியான உருவங்களுக்கு ரிவிட் வரிசையே அழகு.

மாதிரி எங்கே பார்க்கிறீர்கள்?

தை மாதத்தில் எருது விடும் விழா நடக்கும் ஊர்களில் போய் நிற்பேன். வேலூர், திருப்பத்தூர் பக்கம் அதற்குக் குறைவில்லை. நின்ற மாட்டைப் பார்த்துச் செய்தால் பொம்மை மாதிரிதான் வரும். ஓடுகிற மாட்டில் தோள் தசை எங்கே இறுகுகிறது, திமில் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்க வேண்டும். மானுக்கும் மயிலுக்கும் அமிர்தி பூங்கா.

யாளி செய்ய விரும்புகிறவர்கள் வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேசுவரர் கோவில் கல்யாண மண்டபத்துக்குப் போங்கள். முன்னங்கால் தூக்கிய யாளிகளும் குதிரைகளும் தூண் தூணாக நிற்கும். உச்சி வெயிலில் போகாதீர்கள், சாயங்காலம் போங்கள். பக்கவாட்டு வெளிச்சம் விழும்போதுதான் சிற்பி கண்ணுக்குக் கீழே எவ்வளவு ஆழம் குடைந்திருக்கிறான் என்று தெரியும். அந்த நிழல்தான் முறைப்பு. தகட்டில் புதிதாக வருகிறவர்கள் கண்ணை வரைகிறார்கள், பள்ளத்தை இறக்குவதில்லை. நாலடி தள்ளி நின்று பார்த்தால் முகமே இருக்காது.

இதில் ஆபத்து என்ன?

விரல் நசுங்குவது, தகடு கிழிப்பது எல்லாரும் எதிர்பார்ப்பது. எதிர்பார்க்காத மூன்றைச் சொல்கிறேன்.

ஒன்று, ஜிஐ ஷீட். கூரைக்குப் போட்டு மிஞ்சியது மலிவாகக் கிடைக்கிறது என்று எடுத்துவராதீர்கள். மேலே பூசியிருப்பது துத்தநாகம். சூடாக்கினால் வெள்ளைப் புகை வரும்; அதைச் சுவாசித்தால் அன்று இரவே குளிர் ஜுரம் மாதிரி அடிக்கும். தட்ட மட்டும்தான் போகிறேன், சூடாக்க மாட்டேன் என்றால் சரி.

இரண்டு, பழைய டிரம்கள். தோல் தொழிற்சாலைகளிலிருந்து ரசாயன டிரம் நம் பக்கம் நிறைய வரும். உள்ளே குரோமிய உப்பா, கரைப்பானா என்று வெளியே பார்த்தால் தெரியாது. காலி டிரம்மில் மிஞ்சிய ஆவிக்கு கேஸ் கட்டர் பட்டால் குண்டு மாதிரி வெடிக்கும். எவ்வளவு மலிவானாலும் தொடாதீர்கள்.

மூன்று, காது. 85 டெசிபலுக்கு மேல் நாள் முழுவதும் கேட்டால் காது மெல்லக் கெடும்; தகடு தட்டும் சத்தம் அதை எப்போதோ தாண்டிவிடும். பஞ்சு அடைப்பது போதாது, காதுமூடி வாங்குங்கள். எனக்கு வலது காது இப்போதே பாதிதான் கேட்கிறது. வீட்டில் எந்தப் பக்கம் நின்று திட்டுகிறார்கள் என்று பார்த்துத் திரும்ப வேண்டியிருக்கிறது.

பக்கத்து வீட்டுக்காரர்கள்?

மத்தியானம் இரண்டிலிருந்து நாலு மணிவரை அரக்கு வேலை, அராவும் வேலை. பத்தாம் வகுப்புப் பரீட்சை மாதத்தில் மாலையிலும் அப்படியே. இதற்கு மேல் ராஜதந்திரம் தெரியாது.

எத்தனை நாள் ஆகும்? என்ன விலை?

ஓர் அடி எருது எனக்குப் பத்து, பன்னிரண்டு நாள். முதல்முறை செய்கிறவருக்கு இரண்டு மாதம் ஆனாலும் தப்பில்லை. விலையைக் கிலோவுக்கு இவ்வளவு என்று கேட்பவர்களிடம் நான் பேச்சை வளர்ப்பதில்லை. இரும்பு ஒரே விலைதான், நாட்கள்தான் வேறு. நாள்கூலியும் பொருள் செலவும் கூட்டி, மேலே கொஞ்சம் வையுங்கள். தொழிலாகச் செய்கிறவர்கள் மத்திய அரசின் கைவினைஞர் அடையாள அட்டைக்கு விண்ணப்பித்து வைப்பது நல்லது. கண்காட்சிகளில் இடம் கேட்கும்போது உதவும்.

கோவில் வாகனத்துக்குக் கவசம் செய்து தரக் கேட்டு வருகிறார்கள். அதற்கு அளவும் முறையும் தெரிந்த பரம்பரை ஆட்கள் இருக்கிறார்கள். நான் தோட்டத்து எருதோடு நின்றுகொள்கிறேன்.

வெளியில், மழையில் வைக்கலாமா?

செம்பை வைக்கலாம். முதலில் பழுப்பாகி, வருடங்கள் போனால் பச்சைக் களிம்பு பிடிக்கும். சிலருக்கு அதுதான் பிடிக்கும். பிடிக்காதவர்கள் வீட்டுக் குத்துவிளக்கு மாதிரி புளி போட்டுத் தேய்க்கட்டும்.

இரும்பென்றால் ரெட் ஆக்சைடு அடித்து மேலே பெயின்ட். இரும்பின் கறுப்பு நிறமே வேண்டும் என்கிறவர்களுக்கு, உருவத்தைக் கை தாங்காத அளவு சூடாக்கி ஆளிவிதை எண்ணெயை மெலிதாகத் துடைத்து, ஆறவிட்டு, மறுபடி சூடாக்கி மறுபடி துடைப்பேன். நாலைந்து தடவை செய்தால் கறுப்பு பிடிக்கும். ஆனால் அது வீட்டுக்குள் வைக்கத்தான், மழைக்கு இல்லை.

எந்த உலோகமானாலும் நாலு குளம்புக்கு அடியிலும் பென்சில் நுழைகிற அளவு ஓட்டை போட மறக்காதீர்கள். எங்கேயாவது ஒட்டு வழியாகத் தண்ணீர் உள்ளே போகும், போனது வெளியே வர வேண்டும். ஒருவர் ஐப்பசி மழைக்குப் பிறகு தோட்டத்து எருதைக் கொண்டுவந்து, கால் கனக்கிறது என்றார். நான் ஓட்டை போட மறந்த எருது. கவிழ்த்துத் துளை போட்டதும் ஒரு செம்பு தண்ணீரும், எப்படி நுழைந்ததோ, ஒரு குட்டித் தவளையும் வந்தன.